மாமாவின் இரத்த அறிக்கை

என் மாமா முருங்கனில் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர். ஐம்பத்தாறு வயதில் அவருக்குத் திடீரென்று சீனி வருத்தம் வந்தது. சாப்பாடு குறைந்தது, உடம்பு மெலிந்தது. "வயசு போனா இப்பிடித்தான் மகள்" என்பார்.

உம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. வைத்தியரிடம் காட்டாமலே தனியார் ஆய்வுகூடமொன்றில் புற்றுநோய்க்கான இரத்தப் பரிசோதனை செய்வித்தார். சி.ஏ. 19-9 அளவு 37க்குக் கீழே இருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வீடே நிம்மதியானது. மூன்று மாதம் கழித்துக் கண் மஞ்சளானது. செங்கண்மாரி என்று கீழ்க்காய்நெல்லி அரைத்துக் கொடுத்தோம். கடைசியில் ஸ்கான் எடுத்தபோது, கணையத்துக் கட்டி ஈரலுக்கும் பரவியிருந்தது. அடுத்த அறுவடைக்கு மாமா இல்லை.

அந்தக் கடதாசி பொய் சொன்னதா? இல்லை. அதனிடம் நாங்கள் கேட்டதுதான் பிழை. சி.ஏ. 19-9 என்பது இரத்தத்திலுள்ள புரதங்களில் ஒட்டியிருக்கும் ஒரு சர்க்கரைச் சங்கிலி. நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேரின் உடம்பு பிறப்பிலேயே இதை உருவாக்காது. அவர்களுக்குக் கணையப் புற்றுநோய் முற்றினாலும் அளவு கூடாமல் இருக்கலாம். மற்றவர்களிலும் நோயின் தொடக்கத்தில் கூடாமல் போகலாம். மறுபக்கம், பித்தக் கல்லோ கணைய அழற்சியோ இருந்தாலும் அது கூடும். நோய் உறுதியானவருக்குச் சிகிச்சை பலன் தருகிறதா என்று பார்க்க இது உதவுகிறது. சுகதேகிகளைச் சலித்தெடுக்க உதவாது.

ஒரு கணக்குப் போடுவோம். பத்தாயிரம் பேரில் ஐந்து பேருக்கு நோய் இருக்கிறது என்று வையுங்கள். நோயில்லாத நூறு பேரில் ஐந்து பேரை மட்டும் பிழையாகக் காட்டும் பரிசோதனைகூட, சுமார் ஐந்நூறு பேரை வீணாகப் பயப்படுத்தும்.

விஞ்ஞானம் சும்மா இருக்கவில்லை. 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டி.எச்.பி.எஸ். 2 என்ற புரதத்தை சி.ஏ. 19-9உடன் சேர்த்துப் பார்த்தால் நோயை மேலும் நன்றாகக் கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார்கள். ஒன்றல்ல, பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்ப்பதே இன்றைய வழி. அது நம் ஊருக்கு வரும்வரை, வைத்தியர் எழுதாமல் இப்பரிசோதனையைச் சுகதேகிகளுக்கு விற்கக் கூடாது என்பதே என் கருத்து.

ஐம்பது கடந்து புதிதாகச் சீனி வருத்தம் வருவோரில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவருக்கு, மூன்று ஆண்டுகளுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்ததாக ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. ஆகவே சீனி என்றதும் நடுங்க வேண்டாம். ஆனால் அதனுடன் உடம்பும் மெலிந்தால், முதுகுவரை வயிறு வலித்தால், கண் மஞ்சளானால் வைத்தியரிடம் போய் ஸ்கான் தேவையா என்று கேளுங்கள். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியால் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. வடக்கிலேயே சிகிச்சை இருக்கிறது. நேரத்துக்குப் போவதுதான் நம் கையில்.

சகோதரிகளே, வீட்டில் ஆய்வுகூட அறிக்கையை வாசித்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். அன்று மாமாவின் அறிக்கையை வாசித்து "ஒன்றுமில்லை" என்று சொன்னவள் நான். நீங்கள் கடதாசியோடு மனிதரையும் பாருங்கள்.