மீன் குஞ்சு விட்டால் போதுமா?

ராமநாயக்கன் ஏரிக்கரையில் காலை நடை முடிந்ததும் நாங்கள் நாலைந்து பேர் டீக்கடையில் உட்காருவது வழக்கம். போன வாரம் பேச்சு காவிரி மீன் பக்கம் போனது. "குஞ்சுகளை வண்டியில கொண்டுபோய் ஆத்துல விட்டா, தானா பெருகிடும் சார்" என்றார் நண்பர். எனக்கு ஒப்பவில்லை.

1980களில் ஷிப்ட் லீவு கிடைத்தால் ஒகேனக்கல் போவோம். பரிசல்காரர் துடுப்பை நிறுத்தி, "இந்த மடுவுல ஆள் உசரத்துக்கு மீன் கெடக்குதுங்க" என்பார். கதை விடுகிறார் என்று சிரித்தோம். கதையில்லை. 1946இல் காவிரிப் படுகையில் மைசூர் வான் இங்கன் தூண்டிலில் பிடித்த கூன்முதுகு மஹசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ.

கெண்டை வகையைச் சேர்ந்த இந்த மீன் உலகத்திலேயே காவிரிப் படுகையில் மட்டும்தான் உண்டு. தொண்டையில் உள்ள பற்களால் நத்தை, நண்டைக்கூட நொறுக்கித் தின்னும். மழைக்காலப் புதுவெள்ளத்தில் மேலேறிப் போய், ஓடும் சுத்தமான தண்ணீரில், கூழாங்கல் படுகையில் முட்டையிடும். அணை குறுக்கே நின்றால் எப்படி ஏறும்? மணலை அள்ளினால், தோட்டா போட்டால், எங்கே பிழைக்கும்?

நண்பர் சொன்ன வைத்தியத்தையும் செய்து பார்த்தாயிற்று. 1970களிலிருந்து லோனாவாலா பண்ணையில் பொரித்த நீலத்துடுப்பு மஹசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வந்தது பெருகியது, சொந்த ஊர்க்காரன் அருகிப் போனான். இதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கூத்தைப் பாருங்கள், அந்தச் சொந்த மீனின் அறிவியல் பெயர் 'டோர் ரெமாதேவி' என்று உறுதியானதே 2018இல்தான். அதே ஆண்டு அது மிகவும் அழியும் நிலையில் உள்ள இனமாகச் சிவப்புப் பட்டியலில் ஏறியது. பெயர் வைக்கும் முன்பே பாடை கட்டிவிட்டோம். இன்று மோயாறு போன்ற ஒருசில இடங்களில்தான் மிச்சம்.

அஞ்செட்டிக் காட்டை ஒட்டி ஓடும் காவிரிக் கரை, 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயம். அங்கே யானைக்குக் கொடுக்கும் காவலை மடுவுக்கும் கொடுக்க வேண்டும். தோட்டா வெடிப்பவனை விடக்கூடாது. வெளி மீனை விடுவதை நிறுத்த வேண்டும்.

கெலவரப்பள்ளியில் தென்பெண்ணை நுரை பொங்குவதை நாம் கண்ணால் பார்த்தவர்கள். நம் குழாயில் வருவது ஒகேனக்கல் தண்ணீர். மீன் வாழ முடியாத ஆற்றை நம் பேரப்பிள்ளைகளுக்கு எப்படிக் குடிக்கக் கொடுப்போம்?

இதைத்தான் நண்பரிடம் சொன்னேன். டீ ஆறிவிட்டது. அவரும் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.