நாய்க்கு வீசின ஈரல்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த ஒரு சொந்தக்காரத் தம்பி, சென்னையில கம்ப்யூட்டர் வேலை, எங்க மணியைத் தடவிக்கொடுத்துக்கிட்டே சொன்னாரு: "நாட்டு நாய்க்கு ஊசி, மாத்திரை எல்லாம் வேண்டாம் மாமா. அதுக்கு இயற்கையாவே எதிர்ப்பு சக்தி இருக்கு. எங்க அப்பார்ட்மெண்ட் லேப்ரடாருக்குத்தான் செலவுக்கு மேல செலவு." பக்கத்துல உட்கார்ந்திருந்த என் பெரியப்பா பையன், ஆயுசுக்கும் ஆடு மேய்ச்சவரு, "அதானே"ன்னு தலையாட்டினாரு. பட்டணத்தாரும் பட்டிக்காட்டாரும் ஒரு விஷயத்துல ஒத்துப்போறது அபூர்வம். அப்படி ஒத்துப்போன விஷயமும் தப்பா இருந்தா என்னங்க பண்றது?

அந்த எதிர்ப்பு சக்தி இருக்கிற நாய்க்குட்டிங்க எத்தனை பொழைக்குதுன்னு யாராவது எண்ணிப் பார்த்திருக்கீங்களா? எங்க ஊர்ல ஒரு பொட்டை நாய் ஆறு குட்டி போட்டா ரெண்டு தேறினா பெரிய விஷயம். மத்ததெல்லாம் ரெண்டாவது, மூணாவது வாரத்துல ஒண்ணொண்ணா சோர்ந்து போகும். உதட்டைத் தூக்கிப் பார்த்தா ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கும். தார் மாதிரி கருப்பா வெளிக்குப் போகும். கண்ணு பட்டுடுச்சு, பனி ஒத்துக்கலைன்னு சொல்லிக்கிட்டு பொதைச்சுட்டு வருவோம். கண்ணும் இல்ல, பனியும் இல்ல. பாதிக்கு மேல கொக்கிப்புழுவாத்தான் இருந்திருக்கும். தாய்ப்பால் வழியாவே குட்டிக்கு வந்து, குடலைக் கவ்விக்கிட்டு ரத்தம் குடிக்குது. உருண்டைப்புழு அதுக்கும் முந்தி, தாய் வயித்துல இருக்கும்போதே குட்டிக்குள்ள போயிடுது. அதனாலதான் பிறந்த ரெண்டு வாரத்துலயே முதல் மருந்து, அப்புறம் மூணு மாசம் ஆகற வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, தாய்க்கும் சேர்த்துன்னு டாக்டருங்க சொல்றாங்க.

நாங்க மருந்தே தர்றதில்லைன்னும் சொல்ல முடியாது. தர்றோம், தப்பா தர்றோம். ஆட்டுக்கு ஊத்தின அல்பெண்டசோல் பாட்டில்ல மிச்சம் இருந்தா நாய் வாயிலயும் ரெண்டு மூடி ஊத்தறது. அது நாய்க்கு எலும்பு மஜ்ஜையைக் கெடுத்து ரத்த அணுக்களைக் குறைச்சுடும்னு கால்நடை டாக்டர் திட்டினப்புறம்தான் எனக்கே தெரியும். மாட்டுக்குப் போடற ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவுல நாய்க்கு ஏத்தறவங்க இருக்காங்க; அளவு மீறினா நரம்பைத் தாக்கி நாய் தள்ளாடி விழும். இயற்கை வைத்தியம்னு பூண்டை அரைச்சு ஊத்தறது இன்னொண்ணு. வெங்காயமும் பூண்டும் நாயோட சிவப்பணுவை உடைக்கக்கூடியது. ஏற்கெனவே ரத்தம் இல்லாம வெளுத்துக் கிடக்கிற குட்டிக்கு அதையும் தந்தா எங்கிருந்து தேறும்? இது பாட்டி வைத்தியம்னு வேற சொல்றாங்க. எங்க பாட்டி நாய்க்கு வைத்தியமே பார்த்ததில்லீங்க. இந்தப் பூண்டு வாட்ஸ்அப்ல வந்தது.

நாய் செத்தா நாயோட போச்சுன்னு நினைக்கிறவங்களுக்கு இனிமே சொல்றேன்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி எங்க அக்காவுக்கு வலது விலாவுக்குக் கீழ கனமா இருக்குதுன்னு ஆரம்பிச்சது. வாயுன்னு ஓமத்தண்ணி குடிச்சே ஒரு வருஷம் ஓட்டினாங்க. ஸ்கேன் எடுத்தா கல்லீரல்ல தேங்காய் அளவுக்கு ஒரு கட்டி. புத்துநோய்னு நாங்களே முடிவு பண்ணி அழுது முடிச்சாச்சு. ஆபரேஷன் டாக்டர் படத்தைப் பார்த்துட்டுக் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுல நாய் இருக்கா? ஆடு வளர்க்கறீங்களா?"

ஹைடாடிட் கட்டின்னு பேரு. நாய்க்குடல்ல ஒரு நாடாப்புழு இருக்குது, அரை சென்டிமீட்டர் நீளம்தான். அதோட முட்டை நாய் மலத்துல வந்து புல்லுல ஒட்டிக்குது. புல்லை மேயற ஆட்டோட ஈரல்லயும் நுரையீரல்லயும் போய் நீர்க்கட்டியா வளருது. அந்த ஈரலை நாய் பச்சையா தின்னா, கட்டிக்குள்ள இருக்கிற குஞ்சுங்க நாய்க்குடல்ல மறுபடி புழுவா ஆகுது. ஆடும் நாயுமா சுத்தற இந்தச் சக்கரத்துல, கழுவாத கை வழியாவோ கீரை வழியாவோ மனுசன் முட்டையை முழுங்கிட்டா, ஆட்டுக்கு நடக்கிறதே நமக்கும் நடக்குது. வலியே காட்டாம வருஷக்கணக்குல வளரும். உள்ளயே உடைஞ்சா அலர்ஜியாகி உசுருக்கே ஆபத்து. நாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகாது. பளபளன்னு இருக்கும். "எங்க நாயைப் பாருங்க, நல்லாத்தானே இருக்குது"ங்கிற பேச்சு இங்க செல்லாது.

டாக்டர் இதை விளக்கினப்போ எனக்குக் காலே ஓடல. குலதெய்வம் கோயில் கிடா வெட்டுல தோலுரிச்சு வயித்தைக் கிழிக்கிற வேலை முப்பது வருஷமா என்னோடது. ஈரல்ல வெள்ளையா கொப்புளம் தட்டியிருந்தா, மனுசன் திங்க ஆகாதுன்னு அந்தத் துண்டை அறுத்து நாய்க்கு வீசுவேன். சுத்தக்காரன்னு எனக்குப் பேரு வேற. அக்கா வீட்டு வாசல்ல படுத்திருந்த நாய் என் தோட்டத்து நாய்க்குப் பிறந்தது, நான் வீசினதைத் தின்னு வளர்ந்தது. அந்தக் கட்டி எந்த நாய்கிட்ட இருந்து வந்ததுன்னு யாராலயும் சொல்ல முடியாதுதான். ஆனா எனக்குப் பல நாள் தூக்கம் வரல. அக்கா ஆபரேஷன் முடிஞ்சு, மாத்திரை சாப்பிட்டு, இப்ப நல்லா இருக்காங்க. ஈரல் வீசின கதையை மட்டும் நான் இன்னும் அவங்ககிட்ட முழுசா சொல்லல.

ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் அக்கா வீட்டுக்காரர் நாயை வண்டியில ஏத்திக் கொண்டுபோய் எங்கியாவது விட்டுட்டு வந்துடலாம்னு நின்னாரு. நான் விடல. கொண்டுபோய் விட்டா அது என்ன பண்ணும்? ரோட்டோரம் கறிக்கடைக் கழிவைக் கொட்டற இடத்துக்குத்தான் போகும். அங்கயும் பச்சை ஈரல், பச்சைக் குடல். அப்புறம் அது கூட்டத்தோட பட்டிக்கு வரும். காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்ங்க பட்டிக்குள்ள புகுந்து ஆடுகளைக் கொன்னதும், விவசாயிங்க இழப்பீடு கேட்டுப் போராடினதும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க. கழிவைக் கொட்டினது நாயா? கொட்டினவங்களை விட்டுட்டு நாயை மட்டும் பிடின்னா எப்படி?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. பிப்ரவரி 10ன்னா தேசிய குடற்புழு நீக்க நாள், பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை தர்றாங்க. நல்ல காரியம், நான் குறை சொல்லல. ஆனா அது மனுசக் குடல்ல வாழற புழுவுக்கு. நாயோட உருண்டைப்புழு பிள்ளைங்க உடம்புல குடல்ல தங்கி வளராது. குஞ்சாவே ஈரல், நுரையீரல், சில சமயம் கண்ணு வரைக்கும் அலையும். மலப் பரிசோதனையில அகப்படாது. பள்ளிக்கூடத்துல மாத்திரை போட்டாச்சுன்னு நாம நிம்மதியா இருக்கோம், பிள்ளை சாயங்காலம் வந்து நாய் பேண்ட மண்ணுல விளையாடுது. ஆட்டுக்குக் குடற்புழு மருந்து எங்க மாட்டாஸ்பத்திரியில சும்மாவே கிடைக்குது. நாய்க்குன்னு கேட்டா வெளியில வாங்கிக்கச் சொல்லிச் சீட்டு எழுதறாங்க. ஆட்டுக்கட்டிக்குக் காரணமே நாய்ப்புழுன்னா, ஒரு பக்கம் மட்டும் அடைச்சு என்ன பிரயோசனம்? ஐஸ்லாந்து நாட்டுல இந்த நோய் மோசமா இருந்திருக்குது. 1860கள்ல இதைப் பத்திச் சின்னப் புத்தகம் அச்சடிச்சு வீடு வீடா கொடுத்து, கெட்ட ஈரலை நாய்க்குப் போடாதேன்னு சொல்லிச் சொல்லியே பின்னாடி அந்த நோயை இல்லாம ஆக்கினாங்களாம். என் மகன் படிச்சுச் சொன்னான். அவங்களும் நம்மள மாதிரி ஆட்டுக்காரங்கதான்.

பட்டணத்துல இருக்கிற நீங்க, இது பட்டிக்காட்டுக் கதைன்னு நகர்ந்துடாதீங்க. காலையில பூங்காவுக்கு நாயைக் கூட்டிட்டுப் போய் மணல்ல இருக்க வெச்சுட்டு, அள்ளாம வர்றீங்க. சாயங்காலம் அதே மணல்ல குழந்தைங்க வீடு கட்டுது. உருண்டைப்புழு முட்டை மண்ணுல ரெண்டு மூணு வாரம் கிடந்தப்புறம்தான் நோய் தர்ற பக்குவத்துக்கு வரும், அப்புறம் வருஷக்கணக்குல சாகாது. அன்னன்னைக்கு அள்ளிட்டா அந்த வேலை முடிஞ்சது. இதுக்கு ஒரு கவர் போதும். அப்புறம் இப்ப பச்சைக்கறி டயட்னு ஒண்ணு வந்திருக்குதாமே. வேக வெச்சுப் போடுங்க சாமி.

நான் இப்ப பண்றது இவ்வளவுதான். மணிக்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை, எடையைப் பார்த்து, டாக்டர் எழுதின மாத்திரை. அதுல பிராசிகுவான்டல் இருக்குதான்னு சீட்டுல பார்த்து வாங்கறேன். மத்த மருந்தை நம்பி அந்தக் குட்டி நாடாப்புழுவை விட முடியாது. வருஷச் செலவு ஒரு கிலோ ஆட்டுக்கறி விலைக்குள்ள அடங்கிடுது. மருந்து புழுவைத்தான் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால மாத்திரை போட்ட நாலு நாளைக்கு மணியைக் கட்டிப்போட்டு, இருக்கறதை அள்ளி ஆழமா பொதைக்கிறேன். குப்பைக்குழியில போடறதில்ல, அந்த எருதானே கீரைக்குப் போகுது. நாயைத் தொட்ட கையோட சோத்துல கை வெச்சா பேத்தியே என்னை அதட்டறா.

மாசியில கிடா வெட்டு வந்தது. முந்தின நாளே கோயிலுக்குப் பின்னாடி நாலடிக் குழி ஒண்ணு வெட்டி வெச்சேன். அன்னைக்கு வெட்டின ஆட்டுல ரெண்டு ஈரல்ல கொப்புளம் இருந்தது. குழியில போட்டு சுண்ணாம்பு தூவி மண்ணை மூடினேன். பங்காளி ஒருத்தர், "ஈரலுக்கெல்லாம் அடக்கம் பண்ற ஆளு நீ ஒருத்தன்தான்யா"ன்னு சிரிச்சாரு. மணி குழிமேட்டுல உட்கார்ந்து என்னையே முறைச்சுக்கிட்டிருந்தான். நாய்ங்க தோண்டிடக் கூடாதுன்னு மேல கருவேலமுள்ளு வெட்டிப் போட்டுட்டு, அவனைக் கயித்துல பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்.