தரம் மென்பொருளின் விலையில் இல்லை

கணினியில் ஒரு படத்தைச் செம்மைப்படுத்த ஃபோட்டோஷாப் போன்ற கட்டண மென்பொருள் கட்டாயம் வேண்டும் என்றும், விலையின்றிக் கிடைக்கும் கிம்ப், கிரிட்டா போன்றவை பொழுதுபோக்குக்கே உதவும் என்றும் ஒரு நம்பிக்கை தமிழ்நாட்டின் டிடிபி நிலையங்களிலும் பயிற்சி மையங்களிலும் வேரூன்றியிருக்கிறது. இது தவறான நம்பிக்கை மட்டுமன்று, தீங்கானதும்கூட. உரிமக் கட்டணம் செலுத்த இயலாதவர்களைக் கள்ளப்படிகளை நோக்கித் தள்ளுவதும், திறனுள்ள இளைஞர்கள் கருவி இல்லையென்று ஒதுங்கிப்போகச் செய்வதும் இதுவே.

இந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே தக்க சான்று இருக்கிறது. சித்தன்னவாசல் சமணக் குடைவரையின் விதானத்தில் தாமரைக் குளமும், அதில் மீன்களும் அன்னங்களும் யானைகளும், மலர் கொய்யும் மனிதர்களும் தீட்டப்பட்டுள்ளனர். தூண்களில் ஆடல் மகளிர் உள்ளனர். ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகக் காற்றும் ஈரமும் மனிதக் கைகளும் பட்டுச் சிதைந்துவிட்ட இவ்வோவியங்களில் பல கோடுகள் இன்று சுண்ணப் பூச்சின் நிறத்தோடு கலந்து கண்ணுக்குப் பிடிபடாமல் நிற்கின்றன. இத்தகைய ஓவியத்தின் ஒளிப்படத்திலிருந்து மங்கிய கோட்டை வெளிக்கொணர்வதைவிடக் கடுமையான தேர்வு படச்செம்மை மென்பொருளுக்கு அரிது.

அத்தேர்வில் கிம்ப் எவ்வாறு நிற்கிறது என்பதைப் பார்க்கலாம். படத்தின் வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியே பிரிக்கும் 'லேப்' என்னும் முறையில், ஒரு தடம் வெளிச்சத்தை மட்டும் ஏந்த, மற்றொன்று பச்சைக்கும் சிவப்புக்கும் இடையிலான வேறுபாட்டையும், மூன்றாவது நீலத்துக்கும் மஞ்சளுக்கும் இடையிலான வேறுபாட்டையும் ஏந்துகின்றன. கிம்ப்பில் படத்தை இம்மூன்றாகப் பிரித்து, நிறத் தடங்கள் இரண்டின் வீச்சை மட்டும் விரித்து மீண்டும் ஒன்றாக்கினால், செங்காவிக்கும் பழுப்பேறிய பூச்சுக்கும் இடையே இருந்த நூலிழை வேறுபாடு பெரிதாகித் தெரியும். இது எண்களின் மீது நிகழும் கணக்கு; அக்கணக்கைச் செய்யும் நிரலுக்கு எவ்வளவு பணம் கொடுக்கப்பட்டது என்பது அதன் விடையை மாற்றுவதில்லை. மங்கிய பாறை ஓவியங்களை ஆராய்வோர் உலகெங்கும் பயன்படுத்தும் டி-ஸ்ட்ரெட்ச் என்னும் துணைநிரலும் இதே வழியில் மேலும் நுட்பமாகச் செயல்படுகிறது. அது இயங்கும் இமேஜ்-ஜே, அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்களில் உருவாகிப் பொதுவுடைமையாக்கப்பட்ட மென்பொருளாகும்.

நிறத்தை ஒரு தடத்துக்கு 256 படிகளாக மட்டுமே கிம்ப் கையாளும், ஆகவே வீச்சை விரித்தால் படத்தில் பட்டை பட்டையாகத் தெரியும் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் குறை. ஒரு காலத்தில் அது உண்மையே. 2018இல் வெளிவந்த 2.10 பதிப்பு 32 பிட் வரையிலான துல்லியத்தைக் கொண்டுவந்த பின்னும் அதே குறையைச் சொல்லிக்கொண்டிருப்பது அறியாமையாகும். அழுத்திச் சுருக்கிய ஜேபெக் கோப்பை விரித்தால் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்கள் துருத்திக்கொண்டு தெரிவது ஒளிப்படம் எடுத்தவரின் பிழை. எந்த விலையுயர்ந்த மென்பொருளும் கோப்பில் இல்லாத விவரத்தை மீட்டுத் தராது. இல்லாத இடத்தைச் செயற்கை நுண்ணறிவால் நிரப்பித் தரும் வசதி புதுக் கற்பனையே தவிர மீட்பு ஆகாது; தொன்மையான ஓவியத்தில் அதைக் கையாள்வது வரலாற்றுக்குச் செய்யும் கேடு.

தமிழ் எழுத்தைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் தெளிவு. ஒருங்குறித் தமிழை உள்ளிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும் பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளின் கள்ளப்படிகளை வைத்துக்கொண்டு, பாமினி போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்களோடு நம் வடிவமைப்பாளர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினர். எழுத்துகளை அவற்றின் மொழிக்கேற்ப அடுக்கும் பாங்கோ, ஹார்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரல்களின் மேல் அமைந்த கிம்ப், ஒருங்குறித் தமிழைச் சரியாகவே காட்டுகிறது.

கிம்ப்பில் மெய்யான குறைபாடு ஒன்று உண்டு. ஆஃப்செட் அச்சுக்குரிய சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்னும் நான்கு மை முறையில் படத்தை நேரடியாகத் திருத்த அதில் வழியில்லை. அப்பணிக்குக் கிரிட்டாவை நாட வேண்டும், அதுவும் விலையின்றியே கிடைக்கிறது. எனவே பயிற்சி மையங்கள் முதல் வகுப்பில் மாணவர் கையில் கள்ளப்படியைக் கொடுப்பதற்குத் தேவை என்ற பெயரில் எந்த நியாயமும் எஞ்சவில்லை.