பிஒய்டி சீலா, பிஎம்டபிள்யூ ஐ4-ஆ? முதல்ல சம்பள ஸ்லிப்பை எடுத்து வைங்க

இந்த ரெண்டு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒப்பிடுற வீடியோ யூடியூப்ல எக்கச்சக்கமா கிடக்கு. 0-லிருந்து 100 கி.மீ. வேகத்தை எது சீக்கிரம் தொடுது, எதோட ஸ்க்ரீன் பெருசு, எதுல சீட்டுக்கு ஏசி வருதுன்னு எல்லாத்தையும் சொல்லிடுறாங்க. மாசம் 1-ஆம் தேதி அக்கவுண்ட்ல விழுற சம்பளத்துல இந்த வண்டி எவ்வளவு சாப்பிடும்ங்கிறதை மட்டும் யாரும் சொல்றதில்ல. நான் அதை மட்டும்தான் பேசப்போறேன்.

ஒரு கணக்குக்காக நீங்க புளியங்குடிக்காரர்னு வச்சுக்குவோம். வயசு 29. ஐ.டி. வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. இல்லைன்னா தென்காசி பக்கம் மத்தளம்பாறை ஸோஹோ ஆபீஸ் மாதிரி ஒரு இடத்துல வேலை. எல்லாப் பிடித்தமும் போக கைக்கு 2 லட்சம் வருது. இந்த வயசுக்கு அது நல்ல சம்பளம், நம்ம ஊர்ல ரொம்பவே நல்ல சம்பளம். அதனாலதான் ஆசையும் பெருசா வருது.

வண்டிகளைப் பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். பிஒய்டி சீல் 2024 மார்ச்ல இந்தியாவுக்கு வந்தது. அப்ப ஆரம்ப மாடல் 41 லட்சம், பிரீமியம் 45.55 லட்சமா இருந்தது. பிரீமியத்துல 82.56 யூனிட் பேட்டரி, நம்ம இ.பி. பில்லுல வர்ற அதே யூனிட்தான். சான்றிதழ்ல இருக்கிற ரேஞ்ச் 650 கி.மீ. பிஎம்டபிள்யூ ஐ4 2022 மே மாசம் 69.90 லட்சத்துக்கு அறிமுகமாச்சு. அதுக்கும் ஏறக்குறைய அதே அளவு பேட்டரிதான், ரேஞ்ச் 590 கி.மீ.ன்னு சொன்னாங்க (அளக்குற முறை வேற, அதனால ரெண்டு நம்பரையும் நேருக்கு நேர் ஒப்பிடாதீங்க). ரெண்டும் 6 செகண்டுக்குள்ள 100-ஐத் தொட்டுடும். ஐரோப்பாவோட யூரோ என்கேப் சோதனையில சீல் 5 ஸ்டார், ஐ4 4 ஸ்டார். பேட்டரி வாரண்டி ரெண்டுக்குமே 8 வருஷம் அல்லது 1.6 லட்சம் கி.மீ.

இப்ப பணத்துக்கு வருவோம்.

சீல் பிரீமியம் இன்சூரன்ஸ், இதர செலவெல்லாம் சேர்த்து ரோட்டுக்கு வர்றப்ப சுமார் 48 லட்சம்னு வைங்க. 20% கையிலிருந்து போட்டா 9.6 லட்சம். மீதி 38.4 லட்சம் கடன், வட்டி 9%, ஏழு வருஷம். இ.எம்.ஐ. சுமார் 61,800 ரூபாய். அதாவது சம்பளத்துல 31%. ஐ4-ஐ 73 லட்சத்துக்கு ரோட்டுக்குக் கொண்டுவந்து இதே மாதிரி கடன் போட்டா இ.எம்.ஐ. கிட்டத்தட்ட 94,000. சம்பளத்துல பாதிக்குக் கொஞ்சம் கம்மி. வீட்டு வாடகையோ, அப்பா அம்மாவுக்கு அனுப்புற பணமோ, தங்கச்சி கல்யாணத்துக்குப் போடுற சீட்டோ இன்னும் கணக்குக்குள்ளேயே வரல.

20-4-10ன்னு ஒரு பழைய விதி உண்டு, கேள்விப்பட்டிருப்பீங்க. 20% முன்பணம், நாலு வருஷக் கடன், வருமானத்துல 10%-க்குள்ள தவணை. அதைக் கறாரா வச்சுப் பார்த்தா சீலுக்கே மாசம் 9.5 லட்சம் வருமானம் வேணும், ஐ4-க்கு 14.5 லட்சம். நம்ம ஊர் நிலவரத்துக்கு அந்த விதி ரொம்ப இறுக்கம்தான், நானே ஒத்துக்குறேன். 15% வரைக்கும் தளர்த்திக்கலாம். அப்படித் தளர்த்தினாலும் 2 லட்சம் சம்பளக்காரருக்கு ரெண்டு வண்டியுமே எட்டாது.

வாங்கின பிறகு என்ன ஆகும்ங்கிறது இதைவிட முக்கியம். மூணு வருஷம் ஒழுங்கா தவணை கட்டிட்டீங்க. முன்பணம் 9.6 லட்சம், தவணை 22.2 லட்சம், மொத்தம் கிட்டத்தட்ட 31.8 லட்சம் கையை விட்டுப் போயாச்சு. கடன் பாக்கி இன்னும் 24.8 லட்சம் நிக்குது. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரங்க வண்டியோட மதிப்பைக் குறைக்க ஒரு அட்டவணை வச்சிருக்காங்க. அதன்படி மூணு வருஷம் தாண்டின வண்டிக்கு 40% கழிவு. 45.55 லட்சம் வண்டி 27.3 லட்சம் ஆயிடும். அந்த விலைக்கே ஒருத்தர் வாங்கிக்கிட்டார்னாலும், கடனை அடைச்ச பிறகு உங்க கையில நிக்கிறது 2.5 லட்சம். மூணு வருஷத்துல 31.8 லட்சம் உள்ள போய் 2.5 லட்சம் வெளிய வருது.

அந்த விலைக்கு விக்குமாங்கிறதும் கேள்விதான். அமெரிக்காவுல ஹெர்ட்ஸ்னு வாடகைக் கார் கம்பெனி இருக்கு. வாங்கி வச்சிருந்த மின்சாரக் கார்கள்ல சுமார் 20,000 வண்டியை விக்கப்போறோம்னு 2024 ஜனவரியில அறிவிச்சாங்க. மதிப்புக் குறைவுக்கே 24.5 கோடி டாலர் கணக்கெழுத வேண்டி வந்தது. புது வண்டி விலை குறையக் குறைய, பழைய வண்டி விலை அதைவிட வேகமா கீழ போகுது. அவ்வளவு பெரிய கம்பெனி கணிக்க முடியாததை நீங்களும் நானும் எங்க கணிக்கிறது?

"பெட்ரோல் காசு மிச்சமாகுமே"ன்னு சொல்வீங்க. ஆகும்தான். மாசம் 1,000 கி.மீ. ஓட்டினா சுமார் 160 யூனிட். 2024 ஜூலை வீட்டுக் கட்டணப்படி ரெண்டு மாசத்துல 600 யூனிட்டைத் தாண்டினா யூனிட் 9.65 ரூபாய், அப்ப 1,550 ரூபாய் பக்கம். அதே தூரத்துக்குப் பெட்ரோல் 8,000 ரூபாயைத் தாண்டும். மாசம் ஏழாயிரம் மிச்சம். ஆனா இந்த ஏழாயிரம் 15 லட்ச ரூபாய் மின்சார வண்டியிலேயும் மிச்சமாகும், அதுக்கு 48 லட்சம் போட வேண்டாம்.

வரிச் சலுகைன்னு ஷோரூம்ல சொல்வாங்க. ஜி.எஸ்.டி. 5% தான், அது உண்மை. பெரிய பெட்ரோல் கார்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 40%. கடன் வட்டிக்கு 1.5 லட்சம் வரை கழிவு தர்ற 80இஇபி பிரிவையும் இன்னும் சிலர் சொல்லிக்கிட்டு இருக்காங்க. அது 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடனுக்கு மட்டும். இன்னைக்கு வாங்குற கடனுக்குக் கிடையாது. புது வரி முறையில இருந்தீங்கன்னா அந்தப் பேச்சுக்கே இடமில்ல.

இதுல பலர் கவனிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. உங்க ஊர் எலுமிச்சை கமிஷன் கடை முதலாளி இதே சீலைத் தொழில் பேர்ல வாங்கினா, மின்சார வண்டிக்கு 40% தேய்மானம் எழுதலாம். முதல் வருஷமே 18 லட்சத்துக்கு மேல. 30% வரி கட்டுறவரா இருந்தா 5 லட்சத்துக்கு மேல வரி குறையும். மாசச் சம்பளக்காரர் ஒரு ரூபாய்கூட எழுத முடியாது. அவர் வாங்கிட்டாரேன்னு நீங்க வாங்கினா, வண்டி ஒண்ணுதான், விலை ஒண்ணில்ல.

அப்புறம் ஊர். புளியங்குடியில என்ன ஓட்டப்போறீங்க? தென்காசிக்கு 35 கி.மீ., சீசனுக்குக் குற்றாலம் போனா இன்னும் அஞ்சு, எப்பவாவது மதுரை, திருநெல்வேலி. 650 கி.மீ. ரேஞ்ச் தேவைப்படுறது சென்னை போறப்ப மட்டும். அதுக்கும் சங்கரன்கோவில் போய் பொதிகை ஏறினா தூங்கிக்கிட்டே போயிடலாம். ரெண்டுமே தரையோட ஒட்டினாப்ல இருக்கிற வண்டி. நாலு பேர் உக்காந்து நம்ம தெரு வேகத்தடையில ஏத்தினா அடியில உரசுற சத்தம் மனசுல உரசும். சர்வீஸுக்கும் பெரிய ஊருக்குத்தான் போகணும். புளியங்குடியிலேயோ தென்காசியிலேயோ ரெண்டு கம்பெனிக்குமே ஷோரூம் கிடையாது.

சரி, உண்மையிலேயே வருமானம் இருக்கு, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னு கேட்டா, நான் சீல் பக்கம். 24 லட்ச ரூபாய் வித்தியாசத்துக்கு ஈடா ஐ4-ல எனக்குத் தெரியுறது முன்னாடி இருக்கிற அந்த நீல வெள்ளை வட்டம்தான். சீல்ல இருக்கிறது எல்.எஃப்.பி. வகை பேட்டரி, வெயிலையும் 100% சார்ஜையும் தாங்குற ஜாதி. ஆனா ஒரு ஆபத்தைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. பிஒய்டி இங்கே 100 கோடி டாலர் முதலீட்டுல தொழிற்சாலை போடக் கேட்டதை மத்திய அரசு 2023-ல மறுத்துருச்சு. ஸ்ரீபெரும்புதூர்ல அவங்களுக்கு ஒரு ஆலை இருக்கு, ஆனாலும் சீல் முழுசா இறக்குமதியாகி வந்த வண்டி. ரெண்டு நாட்டு உறவு கசந்தா முதல்ல தாமதமாகுறது உங்க ஹெட்லைட்டா இருக்கலாம். பிஎம்டபிள்யூவுக்கு அந்தப் பயம் கம்மி. அந்த வட்டம்தான் வேணும்னு பிடிவாதமா இருந்தா, 2022, 2023-ல ஓடத் தொடங்கின ஐ4-ஐ செகண்ட்ஹேண்ட்ல பாருங்க. முதல் அடியை வேற ஒருத்தர் வாங்கியிருப்பார், பேட்டரி வாரண்டியும் 2030 பக்கம் வரை மிச்சமிருக்கும்.

2 லட்சம் சம்பளக்காரருக்கு என் பதில் வேற. ரோட்டுல 16 லட்சத்துக்குள்ள நிக்கிற மின்சார வண்டியை எடுங்க. அதே 20% முன்பணம், அதே ஏழு வருஷம்னா தவணை 20,600. சீலோட தவணையில இன்னும் 41,000 ரூபாய் மிச்சம் இருக்கு பாருங்க, அதை அதே தேதியில எஸ்.ஐ.பி.யா போடுங்க. வருஷத்துக்குச் சராசரியா 10% வளர்ந்தா (உத்தரவாதம் இல்ல, சந்தை சந்தைதான்) ஏழு வருஷத்துல 49 லட்சத்தைத் தாண்டும். அப்ப உங்களுக்கு வயசு 36. அன்னைக்கும் சீல் மேல ஆசை இருந்தா கடனே இல்லாம ஒண்ணை எடுக்கலாம். ஆனா அந்தத் தொகையைக் கையில வச்சுக்கிட்டு, தோட்டம் விலைக்கு வருதான்னு அப்பாகிட்ட விசாரிக்கத்தான் உங்களுக்குத் தோணும்னு நான் நினைக்கிறேன்.