கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஐயா,

இந்த மாவட்டத்துப் பள்ளிகளில் போதை விழிப்புணர்வு வகுப்புகளை ஏற்பாடு செய்யும் பொறுப்பு உங்களுடையது. கொச்சி மட்டாஞ்சேரியில் தலைமுறைகளாகத் துணி வெளுத்தும் தேய்த்தும் பிழைக்கும் தமிழ்க் குடும்பத்துத் தாய் நான். பள்ளியில் நடந்த ஒன்றைப் பற்றி மனு கொடுத்தேன், நேரில் வந்தும் காத்திருந்தேன். பதில் இல்லை. அதனால்தான் இப்போது ஊரறிய எழுதுகிறேன்.

விதிகளை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேரள அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தி இயக்கம் எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதும் உங்களுக்குத் தெரியும். நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஜூன் 26, போதை ஒழிப்பு தினம். என் மகன் படிக்கும் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மண்டபத்தில் நிற்கவைத்து உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். மேடையில் மண்டையோடு போட்ட பேனர். கஞ்சா, எம்டிஎம்ஏ, எல்எஸ்டி தடவிய காகிதத் துண்டான ஸ்டாம்ப், கொடைக்கானல் போதைக்காளான் எல்லாம் ஒன்றுதான், ஒரு தடவை தொட்டால் அடிமை, அப்புறம் சாவுதான் என்று பேசினார் வகுப்பெடுக்க வந்தவர். முடிவில், சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார். எங்கள் தெருப் பையன் எழுந்தான். "சார், ஸ்டாம்பை நாக்கில் வைத்தால் எவ்வளவு நேரம் இருக்கும்? வைத்தவன் பயந்து அலறினால் கூட இருப்பவன் என்ன செய்யணும்?"

உடனே அவன் பையைக் கொண்டுவரச் சொல்லி மேசைமேல் கொட்டினார்கள். ஜியாமெட்ரி பாக்ஸ், சோற்று டப்பா, நனைந்த குடை. வேறொன்றும் இல்லை. ஆனாலும் மறுநாள் அவன் அப்பா வேலையை விட்டுவிட்டுத் தலைமை ஆசிரியர் அறை வாசலில் நிற்க வேண்டியிருந்தது. இன்று வகுப்பில் அவனுக்குப் பட்டப்பெயரே ஸ்டாம்ப். அதற்குப் பிறகு யாராவது வாயைத் திறப்பார்களா?

அவன் கேட்டதற்குப் பதில் இருக்கிறது, ஐயா. எல்எஸ்டி ஏற அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும்; பன்னிரண்டு மணி நேரம் வரை நீடிக்கலாம். இன்னும் ஏறவில்லையே என்று இரண்டாவது துண்டை வைப்பவன் மாட்டிக்கொள்வது இதனால்தான். பயம் பிடித்தால் எங்கே ஓடுகிறோம், எங்கிருந்து குதிக்கிறோம் என்பது தெரியாது. குடும்பத்தில் மனச்சிதைவு நோய் இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். பயந்து அலறுபவனைத் தனியே விடாதே, சத்தமில்லாத இடத்தில் உட்காரவை, பெரியவர்களைக் கூப்பிடு; வலிப்பு வந்தாலோ உடம்பு கொதித்தாலோ ஆஸ்பத்திரிக்கு ஓடு, டாக்டரிடம் எதையும் மறைக்காதே. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். 14405 என்ற விமுக்தி உதவி எண்ணைப் பலகையில் எழுத அதுகூட வேண்டாம்.

எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வது பொய். எல்எஸ்டி கஞ்சாவைப் போலவோ எம்டிஎம்ஏவைப் போலவோ பழக்கமாகப் பற்றிக்கொள்வதில்லை. அதன் ஆபத்து வேறு. இதைத் தெருமுனையில் விற்பவன் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறான். அதுவரை நீங்கள் சொன்ன உண்மைகளும் அந்த நிமிடமே செல்லாமல் போகின்றன. அமெரிக்காவில் 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் வகுப்பறைக்குள் போய்ப் போதை எதிர்ப்புப் பாடம் நடத்தத் தொடங்கினார்கள். அதனால் பிள்ளைகளின் போதைப் பழக்கம் குறையவில்லை என்று ஆய்வுகள் காட்டிய பிறகு பாடத்தையே மாற்றினார்கள். அவர்கள் விட்டதை நாம் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறோம்?

2023-இல் சாலக்குடியில் அழகு நிலையம் நடத்திய ஒரு பெண்ணின் பையில் எல்எஸ்டி ஸ்டாம்ப் இருந்ததாகச் சொல்லிக் கைது செய்தார்கள். 72 நாள் சிறையில் கிடந்தார். ஆய்வகத்தில் சோதித்தபோது அது போதைப்பொருளே இல்லை என்று தெரிந்தது. பிடித்த அதிகாரிகளின் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஸ்டாம்ப் காகிதத்தில் எல்எஸ்டிக்குப் பதில் என்-பாம் என்ற சரக்கைத் தடவியும் விற்கிறார்கள். அது உயிர்களைக் குடித்திருக்கிறது. வகுப்பில் சொல்ல வேண்டியது இதுவல்லவா? இதை விட்டுவிட்டு மண்டையோட்டைக் காட்டி அனுப்புகிறீர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இவ்வளவுதான் சொல்லிக்கொடுப்பீர்களா?

பேனர் வேண்டாம், உறுதிமொழி வேண்டாம், அதிகாரிகளோடு புகைப்படமும் வேண்டாம். மனநல மருத்துவர் ஒருவரை அனுப்புங்கள். போலீஸ் வெளியே நிற்கட்டும். பெயர் எழுதாத சீட்டில் பிள்ளைகள் கேட்கட்டும், அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லட்டும். முதலில் அந்தப் பையனை அதே மண்டபத்தில், அதே பிள்ளைகள் முன்னால் கூப்பிட்டு, நீ கேட்டது சரியான கேள்வி என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மட்டாஞ்சேரியிலிருந்து ஒரு தாய்