வாய்த்ததும் உழைத்ததும்

ஆங்கிலத்தில் வினைச்சொல்லோடு சிறுசொல் ஒன்று சேர்ந்து புதுப்பொருள் தரும் கூட்டுவினைகள் மிகப் பல. அவற்றுள் ஒன்று ‘லக் இன்ட்டு’ என்பது. நற்பேற்றைக் குறிக்கும் பெயர்ச்சொல்லே இங்கு வினையாகி, முயலாமலே ஒன்றைத் தற்செயலாகப் பெறுதலைச் சுட்டுகிறது. பெரிதும் வட அமெரிக்கப் பேச்சு வழக்கில் பயில்வதாகலின், விண்ணப்பக் கடிதத்திற்கும் தேர்வுக் கட்டுரைக்கும் இஃது ஏற்றதன்று. இதற்கு உறவான ‘லக் அவுட்’ என்பதைக் கண்டு, பேறு வெளியேறிவிட்டது எனப் பொருள்கொள்ளும் மாணவர் உளர். அவ்வழக்கில் அதன் பொருள் பேறு வாய்த்தது என்பதே. கூட்டுவினையைத் துண்டுதுண்டாகப் பிரித்து அகராதி பார்ப்பதால் நேரும் பிழை இது.

தமிழின் போக்கு வேறு. ஆங்கிலத் தொடரில் பெற்றவனே எழுவாய். நாமோ, ‘அவனுக்கு நல்ல வீடு வாய்த்தது’ என்கிறோம். வீடு எழுவாயாகிறது, பெற்றவன் நான்காம் வேற்றுமை ஏற்று ஒதுங்கி நிற்கிறான். ‘பழம் நழுவிப் பாலில் விழுந்தது’ என்னும் பழமொழியிலும் நழுவுவது பழமே. ஆதலின், சொல்லுக்குச் சொல் பெயர்க்காது, ‘வாய்த்தது’, ‘கிட்டியது’ எனத் தமிழியல்புக்கு ஏற்ப மொழிபெயர்த்தலே முறை.

இலக்கணத்தினும் மேலான ஒன்றையும் கூறக் கருதுகிறோம். 1928-இல் விடுமுறை கழித்து இலண்டனுக்குத் திரும்பிய அலெக்சாண்டர் ஃபிளெமிங், நுண்ணுயிர் வளர்த்த தட்டில் பூசணம் படிந்திருப்பதையும், அதனைச் சூழ்ந்த நுண்ணுயிர்கள் அழிந்திருப்பதையும் கண்டார். பூசணம் தற்செயலாக வந்தது. அதனைக் குப்பையென எறியாது உற்றுநோக்கிய கண்ணோ பல்லாண்டுப் பயிற்சியால் வந்தது. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் ஃபுளோரியும் செயினும் அவர்தம் குழுவினரும் உழைத்த உழைப்பாலேயே, 1941-இல் பெனிசிலின் நோயாளிக்கு ஊசிவழிச் செலுத்தும் மருந்தாயிற்று. 1945-இல் நோபெல் பரிசும் மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பெற்றது.

தமக்கு வந்த நன்மையைப் பேறு என்று கூறுதல் பணிவு. பிறர் பாடுபட்டுப் பெற்றதை அங்ஙனம் கூறுதல் அவர்தம் உழைப்பை மறுத்தலாகும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றுப் பணிக்குச் செல்லும் இளைஞனை, ‘அதிர்ஷ்டக்காரன்’ என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அவன் கண்விழித்த இரவுகளையும், அவன் தாய் விற்ற நகையையும் அச்சொல் மறைத்துவிடுகிறது. மாணவச் செல்வங்களே, இத்தகைய சொற்களை உங்களைக் குறித்துத் தாராளமாக ஆளுங்கள். பிறரைக் குறித்து ஆளுமுன், அவர் பட்ட பாட்டைக் கேட்டறியுங்கள் என்பதே எமது வேண்டுகோள்.