இஷாவுக்குப் பின் இரண்டு மணி நேரம்



உங்கள் வீட்டு அலமாரியின் அடித்தட்டைச் சற்றே திறந்து பாருங்கள். பாதி பின்னிய ஒயர்கூடையோ, ஓரம் முடியாத மேசைவிரிப்போ, இரண்டு இதழ்களோடு நின்றுபோன பூவேலைத் தலையணை உறையோ அங்கே உறங்கிக் கொண்டிருக்கும். ‘நேரம் எங்கே இருக்கிறது?’ என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். உண்மையில் நேரம் இல்லாமல் இல்லை. கூட அமர்ந்து செய்ய ஆள்தான் இல்லை.

கைவேலையைக் கூடி அமர்ந்து செய்வதே நம் பக்கத்து வழக்கம். திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையை எடுத்துக் கொள்ளுங்கள். நம் சமுதாயக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே நெய்துவரும் கோரைப்பாய், 2013-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. மணமக்களின் பெயர்களையே பாயில் நெய்து தரும் கைகள் அவை. கோரைப்பாய்த் தறியில் ஒருவர் கோரையைச் செலுத்த, மற்றவர் அச்சை அடித்து இறுக்குவார். மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் பீடி சுற்றும் பெண்கள், ஆளுக்கொரு முறத்தோடு ஒரே வீட்டில் கூடி அமர்வதுண்டு. அது வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பு. அதைப் பொழுதுபோக்கோடு ஒப்பிட்டுச் சிறுமைப்படுத்த மாட்டேன். ஆயினும் அங்கே கூலியோடு கூடவே கிடைக்கும் ஒன்று உண்டு. அது, நாம் சொல்வதைக் கேட்க அருகிலேயே இருக்கும் ஒரு காது.

கூலி தேவைப்படாத நம் வீடுகளில் அந்தக் காதுக்குத்தான் பஞ்சம். கணவர் வளைகுடா நாட்டில்; பிள்ளைகள் பாடத்தில்; மாமியார் தம் அறையில்; நாமோ கைபேசியில்!

ஆறு பேர், ஒரு பாய்

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் ஆறு பேர் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். வியாழன்தோறும் இஷாத் தொழுகை முடிந்தபின் ஒருவர் வீட்டில் கூடுவது; அவரவர் அரைகுறை வேலையைக் கையோடு கொண்டு வருவது; இரண்டு மணி நேரத்தில் கலைந்துவிடுவது. எங்களில் மூத்தவரை எல்லோரும் ‘லாத்தா’ என்றே அழைப்போம். ஒயர்கூடையில் நெல்லிக்காய் முடிச்சுப் போடுவதில் அவருக்கு நிகர் அவர்தாம்.

முதல் வாரம் தேநீரும் முறுக்கும் வைத்தோம். இரண்டாம் வாரம் சமோசா வந்தது. மூன்றாம் வாரம் கடற்பாசியும் வட்டலப்பமும். ஐந்தாம் வாரம் பிரியாணி! அன்றைக்கு ஒருவர் கையிலும் ஊசி ஏறவில்லை. ‘அடுத்த வாரம் என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்ற கேள்வியோடு கூட்டம் கலைந்தது.

அடுத்த வாரம் எங்கள் எதிர்வீட்டுச் சகோதரியின் முறை. ‘உடம்பு சரியில்லை’ என்று சொல்லியனுப்பினார். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நாங்களும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. லாத்தா மட்டும் எண்ணினார். ‘இனிமேல் யார் வீட்டிலும் தேநீர் தவிர வேறொன்றும் கூடாது. மீறினால் நான் வரமாட்டேன்’ என்று அறிவித்துவிட்டு, எதிர்வீட்டுக்குத் தாமே போய் அந்தச் சகோதரியைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்.

சில வாரங்கள் சென்றன. ஓரிரவு அந்தச் சகோதரி ஒரே முடிச்சைப் போடுவதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு தலை நிமிராமலே சொன்னார்: “லாத்தா, அவங்களுக்கு ஆறு மாசமா வேலை இல்லை. பணம் வர்றதா எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். நகை பூரா அடகுல இருக்கு.”

ஒருவரும் ‘ஐயோ!’ என்று கூவவில்லை. ஒருவரும் அவர் முகத்தை உற்றுப் பார்க்கவும் இல்லை. எல்லோர் பார்வையும் அவரவர் கைவேலையில் இருந்தது. லாத்தாவும் கையை நிறுத்தாமலே கேட்டார்: “எவ்வளவுக்கு வச்சிருக்கே, தங்கச்சி? தவணை எப்போ?”

மறுநாள் காலையில் லாத்தா அவரோடு அவருடைய தாய்வீட்டுக்குச் சென்றார். கடன் ஒரே நாளில் தீர்ந்துவிடவில்லை; இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆனால் பொய் அன்றோடு முடிந்தது. அடுத்த மாதம் கணவர் ஊர் திரும்பி, இங்கேயே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சகோதரியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நேருக்கு நேர் அமர்ந்து, ‘உனக்கு என்ன குறை?’ என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பாரா? கண்ணுக்கு வேறு வேலை இருக்கும்போதுதான் சில சொற்கள் வாயை விட்டு வெளியே வருகின்றன. அவற்றைச் சொல்ல அவரிடம் இடம் இருந்தது. அந்த இடத்தைத்தான் எங்கள் பிரியாணி ஏறக்குறைய அடைத்துவிட்டது! இத்தகைய கூட்டம் ஆடம்பரமாகும்போது முதலில் விலகிப் போகிறவர், அது யாருக்கு மிகவும் தேவையோ அவரேதான். இதை நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

நீங்களும் தொடங்கலாம்

நான்கு முதல் ஆறு பேர் போதும். தேநீரோடு நிறுத்திக் கொள்ளுங்கள். புதிதாக எதையும் வாங்க வேண்டாம். அலமாரியில் உறங்குவதையே எழுப்புங்கள்.

ஒன்றுமே தெரியாத சகோதரிக்குப் பழைய பருத்திப் புடவை மிதியடி ஏற்றது. புடவையை இரண்டு விரல் அகலத்தில் நீளவாக்கில் கிழித்து, சடை பின்னுவதுபோல மூன்று காலாகப் பின்னுங்கள். பின்னலைத் தரையில் வட்டமாகச் சுற்றிக்கொண்டே, சுற்றுக்குச் சுற்று ஓரத்தைக் கனத்த நூலால் தைத்து வாருங்கள். இழுத்துப் பிடித்துத் தைத்தால் மிதியடி கிண்ணம்போல் குழிந்துவிடும். தளர்வாக விட்டால் தட்டையாகப் படியும். செலவு நூலுக்கு மட்டுமே.

முதியவர்களுக்கு இரவில் கறுப்புத் துணியில் கறுப்பு நூல் வேலை கொடுக்காதீர்கள்; கண் வலிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில், அமரும்போது ஊசிகளை எண்ணுங்கள். எழும்போது மறுபடியும் எண்ணுங்கள். கைபேசிகள் ஒரு கூடையில் இருக்கட்டும். யார் வேலை அழகு என்ற போட்டி வேண்டவே வேண்டாம்.

இன்னும் ஒன்று. பெண்கள் கூடினால் புறம் பேசுவார்கள் என்பது நம்மீது சொல்லப்படும் பழி. அது முழுப் பொய்யும் அன்று என்பதை நாமே ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கு இல்லாதவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் நாங்கள், “நூல் சிக்கிடுச்சு!” என்போம். அதுவே எங்கள் அடையாளச் சொல். பேச்சு தானாகத் திரும்பிவிடும். அங்கே சொல்லப்பட்டது அந்தப் பாயைவிட்டு எழாது என்ற நம்பிக்கை இல்லையேல், எத்தனை கூடை பின்னினாலும் பயனில்லை.

எதிர்வீட்டுச் சகோதரி பின்னத் தொடங்கிய அந்தக் கூடை முடிந்துவிட்டது. அடிப்பக்கம் சற்றே கோணல். பிரித்துப் பிரித்துப் போட்ட முடிச்சுகள் அல்லவா? அதில்தான் இன்று அவர் காய்கறி வாங்கி வருகிறார்.

வரும் வியாழனன்று, உங்கள் தெருவில் சில வாரங்களாக வெளியே தலைகாட்டாத சகோதரி யார் என்று எண்ணிப் பாருங்கள். அவர் வீட்டுக் கதவைத் தட்டி, “இந்த முடிச்சு எனக்கு வரலே, கொஞ்சம் வந்து பாக்கிறீங்களா?” என்று கேளுங்கள். முடிச்சு உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தாலும் கேளுங்கள்!